எதிர்க்கடையில் முதலில் விழும் கோல்

ஒக்வேனோவின் கொட்டகையில் டிவி பார்ப்பவர்களுக்கு முன்பெல்லாம் ஒரு சௌகரியம் இருந்தது. திட்டுவதற்கான ஆள் நைரோபியில் இருந்தான். ஏழு மணிக்கு நாடகம் என்றால் ஏழு மணிக்கு நாடகம், செய்தி என்றால் செய்தி. நாடகம் சவசவ என்று போனாலும், நல்ல கட்டத்தில் சோப்பு விளம்பரம் வந்து விழுந்தாலும், "இந்த நைரோபிக்காரனுக்குப் புத்தியே கிடையாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒக்வேனோவும் கூடச் சேர்ந்து திட்டுவான். டிவி அவனுடையதுதான். அதில் வருவதற்கு அவன் பொறுப்பில்லை.

டிஷ்ஷைக் கழற்றியதிலிருந்து திட்டெல்லாம் அவனுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் கோகுட்டா ஏரிக்கரையில் படகுகள் ஒதுங்கும் இடத்திலிருந்து மேலே ஏறினால் முதலில் வருவது அவன் தகரக் கொட்டகை. அதன் முன் தாழ்வாரத்தில் ஒரு மூலையில் என் தையல் மெஷின். தையல்காரி என்பதால் என் பெயரையே மறந்துவிட்டு ஊரே 'ஃபுண்டி' என்றுதான் கூப்பிடும். மறு மூலையில் ஒக்வேனோவின் மனைவி அவூர் இரும்பு அடுப்பை வைத்து மீன் பொரிப்பாள். அவள் கெம் பக்கத்துப் பெண். எங்கள் வழக்கப்படி அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'நியார் கெம்' தான். கெம்மின் மகள் என்று அர்த்தம். கொட்டகைக்குள் போகிறவன் ஒரு மீனும் ஒரு உருண்டை களியும் வாங்கிக்கொண்டுதான் போவான். வீட்டில் அடுப்பு எரிந்ததும், பெண் அனியாங்கோ பள்ளிக்கூடத்து விடுதியில் படித்ததும் அந்த மீனால்தான். டிவி வெறும் தூண்டில், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும், அவூருக்குத் தெரியும். ஒக்வேனோவுக்கு மட்டும் தெரியாது. தன் டிவியைப் பார்க்கத்தான் உலகம் திரண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கழற்றச் சொன்னவன் அவூரின் தம்பி ஒபுரா. கிசுமு நகரத்தில் போன் கடையில் வேலை. வருஷப் பிறப்புக்கு வந்தவன் கோழி எலும்பை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தான்.

"மாமா, இனிமே மணி பார்த்து டிவி பார்க்கிற காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு. வேணுங்கிறதை வேணுங்கிறப்ப இணையத்துல பார்க்கிறதுதான் இப்ப. கிசுமுல வீட்டு மேல டிஷ்ஷு இருந்தா சிரிக்கிறாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல அந்த டிவிக்காரனுங்களே கடையை மூடிடுவானுங்க."

"நிசமாவா சொல்ற?"

"உன் கொட்டகைக்கு வர்றவன் என்ன கேக்குறானோ அதைப் போடலாம். நீதான் டிவி ஸ்டேஷன். நைரோபிக்காரன் என்ன, நீயே முதலாளி."

'நீயே முதலாளி' என்றதும் ஒக்வேனோவின் கண் விரிந்ததை நான் பார்த்தேன். அவூரும் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது நல்லா இருந்தா நல்லா இருக்கட்டும். டிஷ்ஷு பாட்டுக்கு மேல கிடக்கட்டும். ரெண்டும் இருக்கட்டுமே."

"ரெண்டுக்கும் மாசா மாசம் அழ நான் என்ன மந்திரியா?"

"அப்ப இதை வாங்காத."

"உன் தம்பிதானே சொல்றான். நானா சொன்னேன்?"

தம்பி என்று சொல்லிவிட்டால் அவளால் பேச முடியாது. அவனாலும் முடியாது. எங்களில் பெண் கொடுத்த வீட்டாரை மறுத்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. கோழி அடித்துப் போட்டு, சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, பஸ் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். ஒபுரா இணையப் பெட்டியை மாட்டிவிட்டு, மிச்சமிருந்த கோழிக்காலையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான்.

டிஷ்ஷை வாங்கியது வசோங்கா. தெருவுக்கு எதிர்ப்பக்கம் படகுகளுக்கு ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவன். "வீட்ல பசங்க கேக்குறாங்க" என்று சொல்லித்தான் கொண்டுபோனான். பிப்ரவரியில் ஐஸ் கடைக்குப் பக்கத்தில் நாலு கம்பம் நட்டான். மார்ச்சில் தகரம் போட்டான். அதன் மேல் அதே டிஷ் ஏறியது. ஒக்வேனோ தன் கையாலேயே பெயிண்டால் எழுதிய பெயர்கூட அதில் அழியாமல் இருந்தது.

புதிய ஏற்பாட்டின் லட்சணம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கேட்டதைப் போடலாம் என்றால் யார் கேட்டதைப் போடுவது? முன்வரிசைப் பெண்களுக்கு நாடகம் வேண்டும். படகுக்காரர்களுக்கு அடிதடிப் படம். ஒருவன் எழுந்து, "ஒக்வேனோ, கொஞ்சம் நிறுத்து, ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்" என்பான். நிறுத்தினால் மற்றவர்கள் கத்துவார்கள். நிறுத்தாமல் விட்டால் திரும்பி வந்தவன், "அந்தச் சண்டையை மறுபடி போடு, நானும் காசு குடுத்தவன்தானே" என்பான். ஒரே சண்டையை மூன்று தரம் ஓட்டி, நான்காவது தரம் கொட்டகைக்குள்ளேயே சண்டை வந்தது.

அதைவிடப் பெரிய கூத்து நாடகம். நைரோபிக்காரன் ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று காட்டியவரைக்கும் பெண்கள் தினமும் வந்தார்கள். அந்தப் பணக்காரன் வேலைக்காரியைக் கட்டுவானா மாட்டானா என்று கிணற்றடியில் பேசி, சந்தையில் பேசி, மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி வந்து உட்கார்ந்தார்கள், ஆளுக்கு ஒரு மீனோடு. இப்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, "அடுத்தது போடு, அடுத்தது போடு" என்று முழு நாடகத்தையும் தின்று தீர்த்தார்கள். சாயங்காலம் கண் சிவக்க எழுந்து போனார்கள். கல்யாணம் ஆகிவிட்டது. மறுநாள் வருவதற்குக் காரணமே இல்லை.

அன்று அவூர் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். மடியில் விற்காத மீன் தட்டு.

"ஃபுண்டி, ஒரு மாசத்து யாவாரத்தை ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டான் என் புருஷன்."

"நீ சொல்லிப் பார்க்கலையா?"

"சொன்னா, 'உன் தம்பி'ங்கிறான். என் தம்பி சொன்னா நாளைக்கு ஏரியில குதிப்பியான்னு கேட்டேன். நீச்சல் தெரியும்ங்கிறான்."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். கால்பந்துதான் குடியைக் கெடுத்தது.

எங்கள் லுவோ இனத்து ஆண்பிள்ளைகள் கோலுக்குச் சும்மா கைதட்டிவிட்டு உட்கார மாட்டார்கள். ஒருவன் எழுந்து நின்று, கையை உயர்த்தி, எல்லோரையும் நிறுத்திவிட்டு, தன் பெருமையைத் தானே சொல்ல வேண்டும். என் தாத்தா இன்னார், என் அம்மா இந்த ஊர்க்காரி, நான் இப்பேர்ப்பட்டவன் என்று. கேட்பவர்கள் ஓ என்று கத்துவார்கள். கொட்டகையின் பாதி ருசி அதில்தான் இருக்கிறது. எனக்குப் பந்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் தைப்பதை நிறுத்திவிட்டு இதைக் கேட்பேன்.

இதில் படகுக்காரன் ஓபியெரோவை மிஞ்ச ஆளில்லை. அவன் கோல் விழும்வரைகூடக் காத்திருக்க மாட்டான். பந்தை வைத்துவிட்டு உதைக்கப்போகும்போதே எழுந்துவிடுவான். "நான் ஓபியெரோ! காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் என் பாய் என் பக்கம்தான் உப்பும்! அசெம்போ ஊர்க்காரி பெத்த பையன் சொல்றேன், இது உள்ள போகும்!" போய்விட்டால் அன்று அவன்தான் ராஜா. போகாவிட்டால் ஒரு வாரத்துக்குச் சின்னப் பிள்ளைகள்கூட அவனைக் கேலி செய்யும். அப்படியும் எழுந்திருப்பான். அதுதான் அவன் தைரியம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஒக்வேனோவின் திரையில் ஒரு ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். ஓபியெரோ எழுந்து கையை உயர்த்தினான். "நான் ஓபியெரோ! காத்து எந்தப் பக்கம்..." என்பதற்குள் தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தகரம் அதிர ஒரு கூச்சல் கிளம்பியது. கோல்! வசோங்காவின் கொட்டகையில் அது ஏற்கெனவே விழுந்துவிட்டது. இங்கே அந்த ஆள் இன்னும் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

ஓபியெரோவின் கை அப்படியே நின்றது.

"என்ன ஒக்வேனோ இது?"

"அது ஒண்ணுமில்லை. இணையத்துல கொஞ்சம் சுத்தி வரும். அரை நிமிஷம்."

"அரை நிமிஷமா? அவன் சாப்பிட்டுத் துப்பினதை எனக்குப் போடுறியா?"

"கோல் அதே கோல்தானே, ஒமேரா."

ஒமேரா என்றால் சகோதரா என்பது போல. ஓபியெரோ அன்று சகோதரனாக இல்லை.

"அதே கோல்தான். ஆனா நான் இனிமே எதைச் சொல்லி எந்திரிக்கிறது? தெரிஞ்சதைச் சொல்ல எந்திரிச்சா பொம்பளைங்க சிரிக்க மாட்டாளுங்களா?"

தட்டை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்விட்டான். அவன் பின்னால் இரண்டு பேர். அடுத்த வாரம் பாதிக் கொட்டகை.

ஒக்வேனோ செய்யாத வேலையில்லை. சத்தத்தைக் கூட்டினான். ஜன்னல் பலகைகளை ஆணியடித்து மூடினான். உள்ளே இருந்தவர்கள் வேர்த்து நாறி வெளியே வந்தார்கள். வசோங்காவின் கூச்சல் மட்டும் எந்த இடுக்கு வழியாகவோ உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினான். நானும் அவூரும் தாழ்வாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் முதலில் கேட்டது எங்கள் காதில் விழவில்லை. வசோங்கா சிரித்தது கேட்டது.

"என்னது? கத்த வேணாம்னு சொல்லணுமா?"

"கொஞ்சம் மெதுவா."

"ஒமேரா, லுவோக்காரன்கிட்டப் போய் கோலுக்குக் கத்தாதேன்னு சொல்லச் சொல்றியா? வேற ஏதாவது கேளு. என் ஐஸ் பெட்டியைக் கேளு, தர்றேன்."

"அப்ப நீயும் இணையத்துக்கு மாறிடு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வரும். யாருக்கும் நஷ்டமில்லை."

வசோங்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். கெட்டவன் இல்லை அவன். அதுதான் இன்னும் எரிச்சல். "நீ வேணா இங்க வந்து உக்காரு" என்றான் நிசமான அன்போடு. "உன்கிட்ட நுழைவுக் காசு கேப்பேனா? உன் டிஷ்ஷுதானே."

திரும்பி வந்த ஒக்வேனோவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவன் வாய் சும்மா இருக்காதே.

"வசோங்காவுக்கு விவரம் பத்தாது. ரெண்டு வருஷத்துல அவன் கடையை மூடுவான் பாரு."

அவூர் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ரெண்டு வருஷம் வரைக்கும் நாம என்ன திங்கிறது?"

"கொஞ்சம் பொறு."

"பொறுக்கிறேன். வருஷம் பூராவும் பொறுக்கிறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. டிஷ்ஷை வித்தது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் என்ன பண்றதுன்னு ரெண்டு பேருமா யோசிப்போம்."

"இதுல தப்பு எங்க வந்தது? உலகமே அந்தப் பக்கம் போகுது."

"உலகம் போகட்டும். ஊரு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தியா? தெருவுக்கு அந்தப் பக்கம் போகுது."

"உன் தம்பி..."

"என் தம்பியை விடு! என் தம்பி கிறுக்கன். அவன் சொல்லிட்டுப் போயிட்டான். கழட்டின கை யாரு கை?"

ஒக்வேனோ உள்ளே போய்விட்டான். திரையில் எந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் வரவழைக்கிறவனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் வரவழைக்க முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஒரு பாவாடையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அவூர் அதைச் செய்தாள். அதிகாலையில் அடுப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, எண்ணெய்ச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருவைத் தாண்டி வசோங்காவின் கொட்டகை வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தன் அடுப்பைக் கணவன் வாசலிலிருந்து எடுத்து வேறொரு வாசலில் வைத்தால் ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்லும். அது வீட்டு அடுப்பல்ல, வியாபார அடுப்பு, ராத்திரி அவள் படுப்பது தன் வீட்டில்தான் என்றெல்லாம் நான் கிணற்றடியில் தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டார்கள்? நியார் கெம் ஒக்வேனோவை விட்டுவிட்டாள் என்று மத்தியானத்துக்குள் மூன்று கரைக்குச் செய்தி போய்விட்டது. ஒக்வேனோவின் அண்ணன் வந்து, போய் அடுப்பை உதைத்துத் தள்ளு என்றான். பெண்டாட்டியின் அடுப்பில் ஆண்பிள்ளை கையோ காலோ வைக்கக்கூடாது, வைத்தால் வீட்டுக்கு ஆகாது. அதனால் ஒக்வேனோ எதையும் தொடவில்லை. கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்து, கேட்க ஆளில்லாத படத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

நான் அவளிடம் கேட்டேன். "இது உனக்கே நல்லா இருக்கா?"

"நல்லா இல்லை" என்றாள். கண் கலங்கியிருந்தது. புகையென்று சொல்ல முடியாது, அடுப்பு அப்போது எரியவில்லை. "ஆனா பீஸ் கட்டலைன்னு பள்ளிக்கூடத்துல பொண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினா அது இதைவிட நல்லா இருக்காது. அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் ஃபுண்டி. அன்னிக்கே அடுப்பைத் தூக்கிடுவேன்."

மீன் நன்றாக விற்றது. அது இன்னும் சங்கடம்.

மே மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒமேனா பொடிமீனைக் காயவைக்க வழியில்லாமல் கரை முழுக்க அழுகல் நாற்றம். எல்லோருக்கும் சிடுசிடுப்பு. அதில் ஒரு சனிக்கிழமை லண்டன் அணிகள் இரண்டு மோதும் ஆட்டம். கோப்பை யாருக்கு என்று முடிவாகிற நாள். வசோங்காவின் கொட்டகையில் நிற்க இடமில்லை. ஒக்வேனோவிடம் காது கேட்காத கிழவர் ஒருவரும், மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரும்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஏரி பக்கமிருந்து மழை சாய்வாக அடிக்க ஆரம்பித்தது. நான் மெஷின் மேல் பிளாஸ்டிக்கை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பெரும் கூச்சல். பெனால்டி! அப்புறம் ஓபியெரோவின் குரல் கிளம்பியது. "நான் ஓபியெரோ! காத்து எந்தப் பக்கம்..." திடீரென்று மொத்தக் கொட்டகையும் "ஏய்!" என்றது. மழையில் டிஷ் செத்துவிட்டது. திரையில் சிக்னல் இல்லை என்று ஒரு வரி.

பத்துப் பேர் ஒரே நேரத்தில் திட்டினார்கள். ஒருவன் கூரைமேல் ஏறினான். வசோங்கா கம்பத்தைப் பிடித்து ஆட்டினான். அப்போது ஓபியெரோ வாசலுக்கு வந்து எங்கள் பக்கம் பார்த்தான்.

"டேய்! ஒக்வேனோகிட்ட இன்னும் உதைச்சிருக்க மாட்டான்! ஓடுங்கடா!"

மொத்தக் கூட்டமும் சேற்றில் வழுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடிவந்தது. என் துணிக்கட்டை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒக்வேனோவின் திரையில் ஆட்டக்காரர்கள் இன்னும் நடுவரைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பந்தை வைக்கவேயில்லை. அந்த அரை நிமிஷம் அவர்களுக்காகவே காத்திருந்தது.

அப்படியொரு ஆரவாரம் அந்தக் கொட்டகையில் அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் நனைந்துபோய் வசோங்காவும் வந்து நின்றான். "ஒக்வேனோ! எந்திரி! உன் பேரைச் சொல்லுய்யா!" என்று ஓபியெரோவே கத்தினான். "இன்னிக்கு உன்னைத் தவிர யாருக்கும் எந்திரிக்க உரிமையில்லை!"

ஒக்வேனோ எழுந்தான். கையைப் பாதி உயர்த்தினான். எல்லோரும் ஓ என்று கத்தத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் மனசுக்குள், சரி, இனி இவன் பெருமையை ஏரித் தண்ணீரும் தாங்காது, அவூரின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் வாசல் வழியாக வெளியே பார்த்தான். எதிரே யாருமில்லாத கொட்டகை வாசலில், தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு அவூர் மட்டும் நின்றாள். சாய்ந்தடிக்கிற மழை எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்து படபடவென்று தெறித்துக்கொண்டிருந்தது. மீன் தட்டில் தண்ணீர்.

அவன் கையை இறக்கினான். ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்து சேற்றில் இறங்கி நடந்தான். "எங்கய்யா போற? உதைக்கப்போறான்!" என்று யாரோ கத்தினார்கள்.

நானும் பிளாஸ்டிக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டேன். இதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

"எதுக்கு வந்தே?" என்றாள் அவூர். "உள்ள போ. அதான் ஊரே உன்கிட்ட வந்தாச்சே. போய்ப் பெருமை பேசு. பேசிட்டு வந்து எனக்கும் சொல்லிக் காட்டு."

அவன் அடுப்பின் காதைப் பிடித்தான். ஆண்பிள்ளை பிடிக்கக்கூடாத அடுப்பு, நெருப்போடு இருந்தது.

"சுடும், விடு!"

விட்டான். ஈரக் கையை உதறிவிட்டு மறுபடி பிடித்தான். அவன் வாய் அசைந்தது. மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

"என்ன?" என்று அவள் கத்தினாள்.

"டிஷ்ஷை வித்தது தப்புன்னேன்!"

அந்த நேரம் பார்த்து அவன் பின்னால் அவனுடைய சொந்தக் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. கோலா, வெளியே போனதா, எனக்குத் தெரியாது. ஒக்வேனோ திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் கழட்டினேன். உன் தம்பி இல்லை. என் கைதான். தப்புப் பண்ணிட்டேன் நியார் கெம்."

கோணியிலிருந்து தண்ணீர் அவூரின் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"அட கிறுக்கு மனுஷா! இத்தனை மாசமா கரடியா கத்தினேன், அப்பச் சொல்லலை. இன்னிக்குன்னு பார்த்துச் சொல்றியே! நீ செஞ்சது சரின்னு ஆனதே இன்னிக்கு ஒரு நாள்தான்!"

"நாளைக்கு வெயிலடிச்சா எல்லாம் இந்தப் பக்கம் வந்துருவாங்க. எனக்குத் தெரியாதா?"

அவள் தலையிலிருந்த கோணியை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். ஒரு துண்டை அவன் கையில் சுற்றினாள். மறு துண்டைத் தன் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தாள்.

"அந்தப் பக்கம் நல்லாப் பிடி" என்றாள். "எண்ணெய் சிந்தாம நட."